தனபால் இரும்பை விற்றுச் செம்பு போட்டது

கரடியூர்த் தனபாலை யாரென்று கேட்டால், செம்மநத்தம் சின்னையனுக்குக் கடைசிப் பிள்ளை, கண்ணாயிக்குத் தம்பி, மாரமங்கலத்துக் கலாவைக் கட்டினவன் என்று ஊரில் யாரும் சொல்வார்கள். அவனையே கேட்டால் மட்டும் "மேனேஜருங்க" என்பான்.

சின்ன வயசிலிருந்தே அவனுக்குப் பசும்பால் ஆகாது. ஒரு வாய் குடித்தால் வயிறு தவில் மாதிரி பொருமிக்கொள்ளும். கண்ணாயிதான் ராகிக்கூழ் ஊட்டி வளர்த்தாள். அந்தக் கூழில் வளர்ந்த உடம்புதான் இன்றைக்குக் கஞ்சி போட்ட சட்டையில் ஞானசுந்தரம் முதலாளியின் விடுதி வாசலில் நிற்கிறது.

பதினோரு ரூம் விடுதி. ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே ஒரு விளையாட்டு உண்டு. வெள்ளைப் பனியனில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிப் பிழிய வேண்டும். நம் சனம் சாயப்பட்டறையில் கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலையை இவர்கள் காசு கொடுத்துச் செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். பிழிந்த தண்ணீர் ஓடையில் இறங்கி, நேரே கண்ணாயி மாடு குடிக்கும் இடத்துக்கு வந்தது.

ஒரு நாள் விடியக்காலையில் செவலை மாடு தலையைத் தூக்கியது. மூஞ்சி காதுவரை ஊதா.

டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார். "ஏனுங் கண்ணாயி, பாலு என்ன கலருல வருதுங்க?" என்றார். அன்றைக்கே இரண்டு டீக்கடையும் ஒன்பது ஊடும் அவளிடம் பால் வாங்குவதை நிறுத்தின. பால் எப்போதும் போல வெள்ளையாகத்தான் இருந்தது. மாட்டின் மூஞ்சியைப் பார்த்தவன் எவன் குடிப்பான்? புருசன் போன பிறகு அந்தப் பாலை வைத்துத்தான் அவள் அடுப்பு எரிந்தது.

விடுதி வாசலில் வந்து நின்றாள். "டேய் மேனேஜரு! உங்க முதலாளியக் கூப்பிடு. இல்லீன்னா இந்த மாட்டை அப்படியே கலெக்டர் ஆபீசுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிருவேன்."

முதலாளி பயந்தார். மாட்டுக்கல்ல, அந்த மூஞ்சியைப் போட்டோ எடுத்துவிடுவார்களே என்று. சேலத்துக் காலேஜிலிருந்து ஆஷ்லின் என்ற பெண்ணை அழைத்து வந்தார். அவள் லேத்துப் பட்டறையில் விழும் இரும்புச் சுருளை மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து, காப்பிச் செடிக்கு அடிக்கிற மயில்துத்தத்தைக் கரைத்து அதில் முக்கினாள். துத்தத்தில் இருந்த செம்பு இரும்பின் மேல் படிந்தது. பெரிய டிரம்மில் அதை நிரப்பிச் சாயத்தண்ணீரை உள்ளே விட்டாள். அடியில் தெளிவாக வந்தது.

"கருத்துப் போனாலும் தொடாதீங்க சார். வாரம் ஒருக்கா கிளறி மட்டும் விடுங்க" என்றாள். தனபால் காதில் 'சார்' மட்டும் ஏறியது.

டீக்கடைக்காரர் ஒரு கெடு வைத்தார். "ஒரு மாசம் தண்ணி இப்படியே வந்தா மறுபடி பால் ஊத்துங்க. நானே வந்து பாக்கறனுங்க." கண்ணாயி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதலாளியும் அந்தக் கெடு முடிகிற நாளிலேயே தண்ணீரைப் பார்க்க ஓர் அதிகாரியை வரச் சொன்னார். அதற்கு இரண்டு நாள் முன்னால் தனபால் டிரம்மைத் திறந்து பார்த்தான். உள்ளே கருப்பும் துருவுமாய்ச் சேறு. பெரிய மனுசன் வந்து பார்க்கிற இடமா இது? ரூமுக்கு ரூம் செம்புப் பாட்டில் வைத்து, 'செம்புத் தண்ணி ஒடம்புக்கு நொம்ப நல்லதுங்க' என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அவனுக்கே அது வேதவாக்காகிவிட்டது. துளி செம்புக்கே இத்தனை குணமென்றால், முழுக்கச் செம்பாகவே போட்டால்?

இரும்பையெல்லாம் அள்ளி ஏற்காட்டில் ரஹமத்துல்லா பாயின் பழைய சாமான் கடையில் போட்டான். பதிலுக்குச் செம்புக் கம்பி வாங்கினான். அது பத்தவில்லை. கலாவுக்குப் பிறந்த ஊட்டில் சீராகக் கொடுத்த செம்பு அண்டாவையும் வெட்டச் சொன்னான்.

"அண்டாவை வெட்டறதுன்னு ஊட்டுல தெரியுமா தம்பி?" என்றார் பாய்.

"ஊட்டுக்கு நான்தானுங்க மேனேஜரு."

கெடு நாளன்று டிரம் தேர் மாதிரி மின்னியது. அதிகாரி, முதலாளி, டீக்கடைக்காரர், ஆஷ்லின், கண்ணாயி எல்லோரும் நின்றார்கள். பனியன் பிழிந்த தண்ணீரை மேலே விட்டார்கள். அடியில் ஊதாவாகவே வந்தது.

"இப்ப மாறும் பாருங்க" என்றான் தனபால். மாறவில்லை. தண்ணீர் ஓடையில் இறங்கியது. செவலை வந்து முகத்தை முக்கிக் குடித்தது.

ஆஷ்லின் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். "இரும்பு எங்க சார்?"

"துருப்பிடிச்சுப் போச்சுங்க மேடம். எடுத்துட்டனுங்க."

"துருப்பிடிக்கறதுதான் சார் அதோட வேலை. இரும்புதான் தன்னையே கரைச்சு சாயத்தை உடைக்கும். செம்பு அதை முடுக்கி விடும், அவ்வளவுதான். வேலை செய்யறவனை அனுப்பிட்டு மேனேஜரை மட்டும் உட்கார வெச்சிருக்கீங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. டீக்கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கண்ணாயி அவரை வழிமறித்தாள். "நில்லுங்க. மாட்டுமேல சந்தேகமா, பாலுமேல சந்தேகமா?"

"கண்ணாரக் கண்டதைச் சொல்றனுங்க. எவன் குடிப்பான்?"

"இவன் குடிப்பான்" என்று தம்பியைக் காட்டினாள்.

"அக்கா, எனக்குப் பாலு..."

"தெரியும் சாமி. கூழு ஊத்துனவளே நான்தான்."

ஏற்றிப்போகிற லாரி வராததால் இரும்பு இன்னும் பாய் கடையில் குவியலாகக் கிடந்தது. கஞ்சிச் சட்டையோடு நாலு நடை மூட்டை சுமந்தான். சட்டை முதுகெல்லாம் துரு. ஆஷ்லின் அலசி, மறுபடி துத்தத்தில் முக்கிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது. கலாவின் அண்டா விவகாரம்தான் தெளியவில்லை. அவள் மாரமங்கலத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது தினமும் காலை ஆறரைக்குத் தனபால் டீக்கடை வாசலில் நிற்கிறான். கண்ணாயி செவலையின் பாலை ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுக்கிறாள். பஸ்ஸுக்கு நிற்கிற சனம் அத்தனையும் பார்க்க, மூக்கைப் பிடித்துக் குடித்து முடிக்கிறான். வயிறு உள்ளே உறுமுகிறது.

"நாக்கை நீட்டுங்க மேனேஜர்" என்கிறார் டீக்கடைக்காரர்.

நீட்டுகிறான். அவர் குனிந்து நிதானமாகப் பார்த்துவிட்டு, "வெள்ளைதானுங்க" என்று உள்ளே திரும்பிச் சொல்கிறார். அதன் பிறகுதான் கண்ணாயியின் பால் கடைப் பாத்திரத்தில் விழுகிறது.