பிழை இல்லை என்றது பார்சர்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். அவள் எழுதிய பார்சர் என்னும் நிரல் அப்படி. மருத்துவமனைகள் அனுப்பும் எக்ஸ்எம்எல் கோப்புகளை வரிவரியாகப் படித்து, ஒரு குறி பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடும். ஒன்பது வருடங்களாக இதுதான் அவள் வேலை.

கோப்புக்குள் எக்ஸ்ரே படத்தையும் வைத்து அனுப்ப வேண்டும் என்று வந்தபோதுதான் தகராறு தொடங்கியது. எக்ஸ்எம்எல் எழுத்துகளுக்கான இடம். படத்தின் பைட்டுகளில் பாதி எழுத்தே இல்லை. அதனால் படத்தை முதலில் பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற்ற வேண்டும் என்றாள். கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும், வேகம் குறையும் என்று மேனேஜர் முகம் சுளித்தார்.

அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். மூன்று நாள் விடுப்பு. பக்கத்து இருக்கை அக்கா போன் செய்தாள்.

"மேனேஜர் உசுரை எடுக்கறாருடி. உன் கணக்குல உள்ள போய்ப் பார்க்கட்டுமா?"

"இதுக்கெல்லாம் கேக்கணுமாக்கா?" என்று பாஸ்வேர்டைச் சொன்னாள். பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்தவள் அக்கா. அவளிடம் என்ன ஒளிவு மறைவு?

அக்கா படத்தை மாற்றாமல் அப்படியே கோப்புக்குள் திணித்தாள். பார்சர் மறுத்தது. உடனே, பார்சருக்குப் பிடிக்காத பைட்டுகளை முன்கூட்டியே வடித்துக் கொட்டிவிடும்படி ஒரு வரி சேர்த்தாள். 'பிழை இல்லை' என்றது பார்சர். எல்லாரும் கைதட்டினார்கள். பாதி பைட்டுகள் போய்ச் சிதைந்திருந்த படத்தை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

'வந்து சேர்ந்தது' என்று பதில் கிடைத்ததும் மருத்துவமனை தன் பிரதியை அழித்துவிடும். இருநூற்றுப் பத்து படங்கள் அப்படிப் போயின. இனி எத்தனை பேர் மறுபடியும் எக்ஸ்ரே மேசையில் படுக்க வேண்டும்?

கூட்டத்தில் மேனேஜர் அந்த வரியைத் திரையில் காட்டினார். பக்கத்தில் அவள் பெயர்.

"நான் அன்னைக்கு லீவு சார். அக்கா, சொல்லுங்க."

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் என்னத்தச் சொல்ல? உன் பேர்லதானே இருக்கு."

"பாஸ்வேர்டை யாருக்காவது குடுத்தீங்களா?" என்றார் மேனேஜர்.

பொய் சொன்னால் அந்த வரி அவளுடையது. உண்மையைச் சொன்னால் பாஸ்வேர்டு கொடுத்த குற்றம்.

"குடுத்தேன் சார். இவங்களுக்கு."

"அதுக்கே வேலை போகும்மா." அக்காவை அவர் எதுவும் கேட்கவில்லை. வேலை தெரிந்த இருவரையும் ஒரே நாளில் இழக்க அவருக்கு மனமில்லை.

அவள் கணக்கை அப்போதே முடக்கிவிட்டார்கள். பையை எடுக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு மணிக்கு அடுத்த படங்கள் வரும். அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது.

அக்காவின் மேசைக்குப் போனாள். "அந்த வரிய எடுக்கணும். அப்பத்தான் பார்சர் திருப்பி அனுப்பும், படம் அவங்ககிட்டயே இருக்கும். நான் சொல்றேன், நீங்க அடிங்க."

"நானா?" என்றாள் அக்கா. "என் பேர்ல ஏறிடுமேடி."

"ஏறட்டும்."

அக்கா விசைப்பலகையில் கை வைத்தாள். அக்கா தன் பாஸ்வேர்டை அடித்து முடிக்கும்வரை அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.