சாம்பல்தீவில் எழுந்து நடந்த எல்லைக்கல்

எல்லைக்கல் நடக்காது என்ற நம்பிக்கையில்தான் நில அளவையாளன் பிழைப்பு நடத்துகிறான். எனக்கு அந்த நம்பிக்கை ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், சாம்பல்தீவில் போனது.

வெள்ளைக்காரன் காலத்தில், உறுதிப் பத்திரம் காட்டாத காணியெல்லாம் முடிக்குரியது என்று கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் இருந்தபடியே கோடு கீறிவிட்டார்கள். கோட்டுக்கு அடையாளமாக அம்புக்குறி வெட்டிய கருங்கற்களை நட்டார்கள். முடி போய்விட்டது, கோடு போகவில்லை. கல்லுக்கு மேற்கே சனத்தின் காணி, கிழக்கே அரச காணி. அரச காணிக்குள் நிற்கும் வீடுகளை உடைக்கப்போகிறார்கள் என்று கதை வந்ததும், தனியே இருந்த பரமேஸ்வரி அக்காவின் வீட்டு வளவை அளக்க என்னை அனுப்பினார்கள்.

கல்லைக் கண்டதும் திகைத்துப்போனேன். சிவப்புத் துணி, சந்தனம், செவ்வரத்தம்பூ, முன்னால் விளக்கு. அம்புக்குறியைச் சூலம் என்று எடுத்து, கல்லை வைரவராக்கியிருந்தார்கள்.

கும்பிடுவதில் எனக்கென்ன? அளந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அக்காவின் வீடு முழுக்கக் கல்லுக்குக் கிழக்கே நின்றது. அதாவது, வீடு போகும். ஆனால் அக்கம்பக்கத்து எல்லைக்கற்களை வைத்துப் பார்த்தால், இந்தக் கல் வீட்டுக்கும் அங்காலே கிழக்கில், பள்ளத்துக்குள் நிற்க வேண்டும். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைத் திரும்பவும் வைத்துப் பார்த்தேன். விடை மாறவில்லை.

"அக்கா, இந்தக் கல்லை ஆரும் அசைச்சவையோ?"

"வைரவரை ஆர் தம்பி அசைக்கிறது? அவர் தானா வந்தவர்."

"தானாவோ?"

"ஓம். முந்தி அந்தப் பள்ளத்துக்குள்ளதான் இருந்தவர். வெள்ளம் வடிஞ்ச பிறகு பாத்தா மேட்டில நிக்கிறார். அப்பாதான் முதல் கண்டவர்."

தன் வீட்டை விழுங்கப்போகிற கல்லுக்கு இந்த மனுசி தினமும் விளக்கு வைக்கிறாரே என்று பதறினேன்.

பழைய ஆட்கள் எல்லைக்கல்லுக்கு அடியில் கரி போட்டுத்தான் நடுவார்கள். கரி உக்காது. கல்லைத் தூக்கினாலும் அது அங்கேயே கிடக்கும். எங்கள் வேலையாள், கிண்ணியா ஊர்க்காரர் றவூப், நான் காட்டிய இடத்தில் பள்ளத்துக்குள் வெட்டினார். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி நின்றது.

"சேர், கரி கிடக்கு."

அக்கா குனிந்து ஒரு துண்டை எடுத்தார். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். முகம் வெளிறிவிட்டது.

"அப்ப, அப்பாதான் தூக்கி வைச்சிருக்கிறார். நனையக் கூடாதெண்டு."

"கோடு இதாலதான் போகுது அக்கா. வீடு உங்கடதான்."

"வீடு கிடக்கட்டும் தம்பி. இவ்வளவு காலமும் நான் விளக்கு வைச்சது வெள்ளைக்காரன்ர கல்லுக்கோ?"

கரி கிடந்த இடத்தில் புதுக்கல் நட்டோம். பழைய கல்லை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லில் சந்தனம் கண்டால் கருவியை விரிக்கும் முன் வீட்டுக்காரரிடம் கதை கேட்க வேண்டும் என்று அன்று படித்தேன். இளம் அளவையாளர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

மறுநாள் பிளானைச் சரிபார்க்கத் தயங்கித் தயங்கித்தான் போனேன். மேட்டில் பழைய கல்லுக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அப்பா தூக்கி வைச்ச கல் தம்பி. அது போதும்."