பிணமில்லாத வீட்டில் தப்பு

என் மனைவியின் கால்கள் முதன்முதலாக நின்றுபோனது வாசற்படியில்தான். அறைக்குள் ஓரளவு நடப்பாள். கதவு நிலையைத் தாண்ட வேண்டிய இடம் வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகும், கால் வராது. நான் பிடிக்காவிட்டால் விழுவாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நோய் அவளுக்கு வலது கை நடுக்கமாகத் தொடங்கியது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சிலர் காற்றுச் சேட்டை என்றார்கள், சிலர் செய்வினை என்றார்கள். பதுளையில் டாக்டர் பார்க்கின்சன் என்று பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரை எத்தனை மணிக்கு வேலை செய்கிறது, எப்போது கைவிடுகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பசறைக்குப் போகும் பஸ்ஸில் வளைவுகளை எண்ணுவேன், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருமல்களை எண்ணுவேன். எண்ணாமல் விட்ட ஒன்றில்தான் கெடுதல் வந்து உட்கார்ந்திருக்கும் என்று ஒரு பயம். இன்றும் அது போகவில்லை.

எங்கள் வீடு தோட்டத்து எல்லையில், பாதையோரம். கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. சமைக்கிற குசினியின் கதவைத் தாண்டி, நான்கு படி இறங்கி, வாழைமரங்களுக்குப் பக்கத்தில் போக வேண்டும். கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருக்கும் எங்கள் மகள் ஒருமுறை வந்தபோது அந்தப் படியில் தாய் விழுந்து கிடந்ததைப் பார்த்துவிட்டாள்.

“டிசம்பர்ல நத்தாருக்கு வருவேன்பா. அதுக்குள்ள அம்மா தானா கக்கூஸுக்குப் போய் வந்தா சரி. இல்லாட்டி ரெண்டு பேரும் என்னோட கெளம்பிருங்க” என்றாள்.

மகள் இருப்பது மூன்றாம் மாடியில். பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனதும் மனைவி சொன்னாள்: “அங்க கொண்டுபோய் வச்சாங்கன்னா அப்புறம் பெட்டியிலதாங்க கீழ எறக்குவாங்க. நான் வரமாட்டேன்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. அவள் நடக்க வேண்டும். நான் முன்னால் நின்று “ஒன்று, இரண்டு” என்று எண்ணுவேன். கால் அசையாது.

“நீங்க எண்ணுனா என் காலு பரீட்சைக்குப் போன புள்ள மாதிரி முழிக்குதுங்க” என்பாள்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு மிஸ் இருந்தார். சிங்களப் பெண், தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசுவார். இந்த நோய்க்காரர்கள் ஆடினால் கால் திறக்கும் என்று எங்கோ படித்திருந்தார். பசறையில் பங்குக் கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமைகளில் நடுங்குகிறவர்கள் ஐந்தாறு பேரைக் கூட்டினார். “அம்மா சின்ன வயசு ஆட்டம் எது? அதை ஆடுங்க” என்றார். பெண்கள் கும்மி என்றார்கள். வட்டமாக நின்று பாடி, குனிந்து, கை தட்டினார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கால் வந்தது. ஒரு கிழவர் பெண்களின் வட்டத்துக்குள் புகுந்து, “கும்மியடிச்சாத்தான் கஞ்சின்னா நானும் பொம்பளதான்டி” என்று ஆடினார். என் மனைவிக்கு இடுப்புக்கு மேலே எல்லாம் ஆடியது. கீழே இரண்டு கால்களும் நட்டுவைத்த முளைபோல நின்றன.

மூன்றாம் சனிக்கிழமையோ நான்காம் சனிக்கிழமையோ, பாதையில் ஒரு சாவு ஊர்வலம் போனது. தப்பு மேளத்தின் சத்தம் தூரத்தில் கேட்டதும் மண்டபத்தில் பாட்டை நிறுத்தினார்கள். பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். என் மனைவி மட்டும் திரும்பினாள். கதவுப் பக்கம் நடந்தாள். நிலையில் நிற்பாள் என்று நான் ஓடினேன். நிற்கவில்லை. படியைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, தப்பின் அடிக்கு ஒரு கால், மறு அடிக்கு மறு கால் என்று பாதை ஓரம் வரை போய்விட்டாள். பிணம் வளைவில் திரும்பிச் சத்தம் மலைக்குப் பின்னால் மங்கியதும் அங்கேயே உறைந்து நின்றாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. நான் அவளை இடுப்போடு தூக்கி ஓரத்துக்கு இழுத்தேன்.

“எங்கப்பா அடிச்ச மாதிரியே இருந்துச்சுங்க” என்றாள். முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

அவள் அப்பா தப்படிப்பவர். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த பிறகும் தோட்டத்தில் எந்தச் சாவுக்குக் கூப்பிட்டாலும் போவார். சின்னப் பிள்ளையாக இவள் தப்புக்கு முன்னால் ஆடிக்கொண்டே போவாளாம். மயானத்துக்குப் போகாமல் பெண்கள் திரும்ப வேண்டிய வளைவு வந்ததும் அம்மா தலைமயிரைப் பிடித்து இழுத்து வருவாளாம். கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேலாகியும் இதை அவள் எனக்குச் சொன்னதில்லை.

அப்பாவின் தப்பு இப்போது அவள் தம்பியிடம் இருந்தது. பக்கத்துத் தோட்டத்து லயத்தில்தான் இருந்தான். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

“கல்யாண அடி அடிக்கிறேன், காமன்கூத்து அடி அடிக்கிறேன் மச்சான். காலையில பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கூப்புடுற அடி அடிச்சா செத்தவனே எந்திரிச்சு கொழுந்தெடுக்கப் போவான். சாவு அடி மட்டும் வேணாம். பொணமில்லாத ஊட்ல அத அடிச்சா, அது பொணத்தத் தேடும்.”

சொன்ன எல்லாவற்றையும் அடித்துப் பார்த்தான். காமன்கூத்துக்கு அவள் தோள் குலுங்கியது. பெரட்டு அடிக்குச் சிரித்தாள். கால் வரவில்லை. குசினிக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

“டேய், நான் செத்ததும் எனக்கு அடிப்பியா மாட்டியா?”

“அக்கா, சும்மா இரு.”

“அப்ப எனக்குக் காது கேக்காதுடா. கேக்கிறப்பவே அடி.”

அவன் என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நத்தாருக்கு இருந்த நாட்களை என் மனம் எண்ணிக்கொண்டிருந்தது. தலையசைத்தேன். அவன் முற்றத்தில் காய்ந்த வாழைச் சருகைக் கொளுத்தி, தோல் இறுகத் தப்பைக் காய்ச்சினான். சிலுவை போட்டுக்கொண்டு சாவு அடியை அடித்தான்.

அவள் நடந்தாள். குசினிக் கதவு, நான்கு படி, வாழைமரம், கழிப்பறை. திரும்பியும் நடந்தாள். நான் பக்கத்தில் போனேன், தொடவில்லை.  நாற்பது வருடமாக அந்தச் சத்தத்தின் பின்னால் தலை குனிந்து போயிருக்கிறேன். இப்போது அதற்கு முன்னால் என் மனைவி, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிறு பிள்ளைபோல.

காய்ச்சிய தப்பு எதிர்மலை வரைக்கும் கேட்கும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. நோயாளி இருக்கிற வீட்டிலிருந்து சாவு அடி கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு இறங்கி ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் எங்கள் வேலிப் படலையிலேயே தலையை அவிழ்த்துப் போட்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். மேல் லயத்துக்காரி ஒருத்தி சாவு வீட்டுக்கென்று சீனிப் பொட்டலமும் தேயிலைத்தூளும் கொண்டுவந்திருந்தாள்.

சத்தம் கேட்டு மனைவி வீட்டைச் சுற்றிக்கொண்டு, தப்புக்கு முன்னால், முன் முற்றத்துக்கே நடந்து வந்தாள்.

“யாருடி செத்தது?”

ஒப்பாரி வாயிலேயே நின்றது. “நீதாங்க்கா” என்றாள் அவள்.

“நானா? எப்ப?”

“எனக்கென்னக்கா தெரியும், மோளம் கேட்டுச்சு, ஓடியாந்தேன். நீ என்னடான்னா சாமி ஊர்வலம் மாதிரி வர்ற!”

“சரி, வந்தது வந்துட்டீங்க. சீனிய வச்சுட்டுப் போங்கடி.”

எல்லோரும் சிரித்தார்கள். சீனிக்காரி மட்டும் சிரிக்கவில்லை. பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “சாவுக்குன்னு எடுத்தத உயிரோட இருக்கிறவ கையில குடுக்கக்கூடாது” என்று சொல்லித் திரும்பிப் போனாள். 

தம்பி ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் வந்து அடித்தான். அவன் வராதபோது நான் பிஸ்கட் டின்னில் தட்டினேன். “எண்ணி எண்ணித் தட்டுறீங்க, அது நொண்டுது” என்று அவள் டின்னை வாங்கி வைத்துவிட்டாள். பிறகு வாயாலேயே அடிக்கப் பழகினாள். டண்டணக்க, டண்டணக்க என்று மூச்சுக்குள் சொல்லிக்கொண்டே நடப்பாள். குசினியில் நான் தேநீர் ஊற்றும்போது அந்த முணுமுணுப்பு என் முதுகுக்குப் பின்னால் கடந்து போகும், படி இறங்கும், திரும்பி வரும். வந்து சேரும் வரை நான் கேத்தலைக் கீழே வைக்கமாட்டேன்.

நத்தாருக்கு மகள் வந்தாள். தாய் உதட்டுக்குள் என்ன சொல்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்டவள் என்னிடம் பாய்ந்தாள்.

“அப்பா, அம்மாவுக்கு சாவு மோளமா சொல்லிக் குடுத்திருக்கீங்க? பைத்தியமா உங்களுக்கு?”

“அவரு எங்க சொல்லிக் குடுத்தாரு. அது எங்கப்பன் ஊட்டுச் சீதனம். தள்ளு, அவசரமா போகணும்” என்று மனைவி அவளைக் கடந்து படியிறங்கிப் போனாள். மகள் வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகவே தனியாகக் கொழும்பு பஸ் ஏறினாள். நாங்கள் வீட்டில் இருந்தோம்.

ஆறு வருடம் அப்படி நடந்தாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு காலையில் வாயில் அடி வந்தது, கால் வரவில்லை. தம்பி தப்பைக் காய்ச்சிக்கொண்டு வந்தான். கால் வரவில்லை. உதடு மட்டும் பல நாள் அந்த அடியைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் எங்கள் கட்டிலிலேயே இறந்தாள். மூன்றாம் மாடிக்குப் போகவில்லை.

அடக்கத்துக்கு நான்கு தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தம்பி தீ மூட்டித் தப்பைக் காய்ச்சினான், தோளில் மாட்டினான், என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சனங்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. வாத்தியாருக்குத் தன் மனைவிக்கு மோளம் வைக்கவும் மனமில்லை என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவர்களுக்கு நான் எதைச் சொல்வது? அந்த அடி விழுந்தால் அவள் எழுவாள் என்று என் கண்கள் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். அடி விழுந்தும் எழாமல் கிடப்பதை என்னால் பார்க்க முடியாது.

 தம்பி அடிக்காத தப்போடு முன்னால் நடந்தான். பெண்கள் வளைவில் திரும்பினார்கள். தப்பு இல்லாததால் தூக்கியவர்களின் கால்கள் ஒன்றாக விழவில்லை. ஒருவன் முந்தினான், ஒருவன் பிந்தினான். மயானம் வரைக்கும் பெட்டி நடுங்கிக்கொண்டே போனது.