நகப்பூச்சுப் புள்ளி

ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குத் தன் பிக்அப்பில் உரமூட்டை ஏற்றிப்போகும் ராஃபேலுக்கு மெக்கானிக் என்றாலே திருடன்தான். பழசைக் கழுவிப் புதுசென்று மாட்டிவிடுவார்களாம். அதனால் வண்டியை வொர்க்‌ஷாப்பில் விடுமுன், மாற்றவேண்டிய சாமானின் அடியில் மனைவி யூஜினியாவின் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்துவிடுவார்.

இந்த முறை ஸ்டியரிங் ஆட்டம் கண்டது. சக்கரத்தைத் திருப்பும் டை ராட் தேய்ந்திருந்தது. எவனையும் நம்பாமல் வீட்டிலேயே மாற்ற உட்கார்ந்தவர், பழக்கதோஷத்தில் அந்தப் பழசின் அடியிலும் புள்ளி வைத்தார். கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கழற்றிய பழசை, தேய்மானம் பார்ப்பதற்காக டீசலில் கழுவிப் புதுசின் பக்கத்தில் வைத்தார். உள்ளே போய் டீ குடித்துவிட்டு வந்து மாட்டி முடித்தார்.

ஓட்டிப் பார்த்தால் அதே ஆட்டம்.

“சாமான் கடைக்காரன் பழசைத் தலையில கட்டிட்டான்லா,” என்று பொருமிக்கொண்டே மறுபடி கழற்றினார். அடியில் சிவப்புப் புள்ளி இருந்தது. புதுசு தரையிலேயே கிடந்தது.

வாசலில் நின்றிருந்த மனைவி பக்கம் திரும்பினார்.

“நான் டீ குடிக்கிறப்ப யாரு உள்ள வந்தா?”

“கேட்டுச் சாவி உங்க பையிலதான இருந்துச்சு,” என்றாள் யூஜினியா.

ராஃபேல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.