பூங்கோதை அணு உலை மேல் கட்டிய பிராது

எங்கள் பக்கத்தில் யாருக்காவது யார் மேலாவது மனக்குறை என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குத்தான் போவார்கள். குறையைத் தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். பிராது கட்டுவது என்று அதற்குப் பெயர். மாட்டைத் தொலைத்தவன் கட்டுவான், வரப்பைப் பறிகொடுத்தவன் கட்டுவான், புருஷனை இன்னொருத்தியிடம் விட்டவள் கட்டுவாள். அணு உலை மேல் பிராது கட்டியவள் எனக்குத் தெரிந்து பூங்கோதை ஒருத்திதான்.

அதை எழுதிக் கொடுத்தவன் நான். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட் வாசலில் லாரி பார்சல் ஆபீஸ் வைத்திருக்கிறேன். கையில் பேனா இருக்கிற ஆள் என்பதால் எஸ்டேட்டில் பாதிப் பேருடைய எழுத்து வேலை என் தலையில்தான் விழும். எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. இப்போது நினைத்தால் வருவதில்லை.

பூங்கோதையின் புருஷன் நந்தகுமார் பதினைந்து வயதில் எஸ்டேட்டுக்கு வந்தவன். கரண்ட் பியூஸ் மாட்டுகிற பீங்கான் கட்டை செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் மாவுக் கலவை வேலை. வெள்ளைக்கல் மாவு மூட்டை மூட்டையாக வரும். பிரித்து, களிமண்ணோடு சேர்த்து, அரைக்கிற உருளைக்குள் கொட்ட வேண்டும். சாயங்காலம் வெளியே வரும்போது புருவம், மீசை எல்லாம் வெளுத்திருக்கும். கிழவனாகிவிட்டாயே, இனி யார் உனக்குப் பெண் கொடுப்பார்கள் என்று கேலி செய்வோம். பெண் அதே ஷெட்டில்தான் இருந்தது. அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த கட்டைகளுக்குப் பிசிறு எடுப்பவள் பூங்கோதை. கத்தியால் சீவி, பிரஷ்ஷால் தட்டி, வாயால் ஊதி அடுக்குவாள். ஈரப் பஞ்சால் துடைத்தால் தூசி பறக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கூலி கட்டைக் கணக்கில். துடைத்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவள் ஒரு தட்டு கூடுதலாக அடுக்கிவிடுவாள். முதலாளி கோவிந்தசாமி சனிக்கிழமை சனிக்கிழமை ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுப்பார். தொண்டையில் நிற்கிற தூசியைப் பழம் வயிற்றுக்குள் தள்ளிவிடும் என்பது எஸ்டேட்டு வைத்தியம். பாதுகாப்பு ஏற்பாடு அதோடு முடிந்தது.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு காண்டிராக்ட் மேஸ்திரி நந்தகுமாரைக் கடலோரத்து அணுமின் நிலையத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே பராமரிப்பு நேரத்தில் குழாய் துடைப்பது, சாரம் கட்டுவது போன்ற வேலைகள். லீவில் வந்தால் கதை கதையாகச் சொல்வான். சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திவிடுவார்களாம். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது காட்டிக்கொடுக்குமாம். வெளியே வரும்போது ஒரு மெஷினில் கையையும் காலையும் வைத்து நிற்க வேண்டும், மணி அடித்தால் மறுபடி குளித்துவிட்டு வர வேண்டும். வருஷத்துக்கு இவ்வளவுதான் படலாம் என்று அளவு உண்டு. அதை நெருங்கினால் உள்ளே விடமாட்டார்கள், வெளி வேலைக்குத் தள்ளிவிடுவார்கள். நம் உடம்புக்குள் என்ன போகிறது என்று கணக்குப் பார்க்க ஒரு ஆபீஸே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஊரில் அவனுக்கு அட்டாமிக் குமார் என்று பட்டம் வைத்தோம்.

அந்த இடம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிதாக ஏதாவது வெடித்தால் என்ன கதி என்று கேட்டால், பதில் சொல்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் அங்கே பயப்பட வேண்டிய வேலை என்று தெரிந்து பயந்தார்கள். பயத்துக்கு ஒரு மெஷின் வைத்தார்கள். எங்கள் எஸ்டேட்டில் அந்தப் பயமே இல்லை, அதனால் மெஷினும் இல்லை.

பூங்கோதைக்கு அந்தக் கதைகள் வேறு மாதிரி கேட்டன. இத்தனை தடவை குளிக்கச் சொல்கிறார்கள் என்றால் அது எப்பேர்ப்பட்ட விஷமாக இருக்க வேண்டும் என்று நடுங்கினாள். லீவில் வருகிறவனின் துணிகளைத் தனியாகத் துவைத்தாள். அப்புறம் சுனாமி வந்தது. கடலோரத்து நியூஸ் ஒவ்வொன்றாக வர வர, அவள் எஸ்.டி.டி. பூத்திலேயே உட்கார்ந்துகொண்டு அழுதாள். நந்தகுமார் முழுசாகத்தான் வந்து சேர்ந்தான். ஆனால் மகள் துர்காவின் தலையில் அவன் கையை வைத்து, இனிமேல் போகமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டாள். பொங்கல் கழிந்ததும் அவன் பழைய ஷெட்டிலேயே மூட்டை பிரிக்கப் போனான். போதுமடா சாமி, புருஷன் பத்திரமான இடத்துக்கு வந்துவிட்டான் என்று பூங்கோதை எல்லாரிடமும் சொன்னாள்.

இருமல் இரண்டாயிரத்து எட்டில் ஆரம்பித்தது. கரண்ட் கட்டில் ஊரே புழுங்கிச் செத்த வருஷம் அது. சூளைக்கும் எஸ்டேட் கேட்டுக்கும் நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவான். பெரியாஸ்பத்திரியில் டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். கோர்ஸ் முழுக்கச் சாப்பிட்டும் இருமல் அப்படியே இருந்தது. ஊர் தன் பங்குக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டது, அது அணு. டீக்கடையில் அவனுக்குப் பேப்பர் கப் கொடுத்தார்கள். துர்காவைப் பெண் கேட்பதாக இருந்த எங்கள் ஜில்லா மங்களூர் பக்கத்துச் சொந்தம் பேச்சை நிறுத்திக்கொண்டது. அப்பன் உடம்பில் இருக்கிறது பெண்ணுக்கும் வரும் என்றார்களாம்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் பூங்கோதை என்னிடம் வந்தாள். என் புருஷன் உடம்புக்குள் புகுந்து அவரைத் தின்கிற அணு, ஏவிவிட்ட பேய் ஓடுகிற மாதிரி வெளியே ஓட வேண்டும், அவரை வேலைக்கு வைத்தவர்களை சாமி கேட்க வேண்டும் என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். போய்க் கட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாளாம்.

நான் லாரி பிடிக்கப் பாண்டிச்சேரி போகும்போது அவளையும் நந்தகுமாரையும் அங்கே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முதலில் எந்த வேலை, எத்தனை வயதிலிருந்து என்று கேட்டார். அணு உலைச் சங்கதியையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். இது கல் மாவு. சின்ன வயதிலிருந்து உள்ளே போய் நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிட்டது. கதிரால் வந்தது இல்லை. தழும்பை எடுக்க மருந்து கிடையாது. இனி அந்தத் தூசிப் பக்கமே போகக் கூடாது, வீட்டில் வேறு யாராவது போனால் அவர்களும் நிறுத்துவது நல்லது.

இவ்வளவையும் கேட்ட பூங்கோதை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அப்ப அணு இல்லீங்களா டாக்டரு?”

“இல்லம்மா. மண்ணு, கல்லுத் தூசி.”

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். துக்கம் என்று நினைத்துத் தேற்றப் போனேன். இல்லை, சந்தோஷம். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொன்னாள், அணு இல்லையாம் என்று. நந்தகுமார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டவர்கள் நானும் அவனும் மட்டும்தான் போலிருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். குற்றம் செய்யாதவர் மேல் பிராது கிடந்தால் கட்டியவளுக்கே அது திரும்பும் என்று பூங்கோதைக்குப் பயம். பிராதைத் திரும்ப வாங்குவதை அங்கே ராஜினாமா என்பார்கள். அதற்கும் நான்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் நந்தகுமார் இன்னொரு தாளை என் முன்னால் தள்ளினான்.

“அண்ணே, செராமிக் மேல ஒண்ணு எழுதுங்க. எனக்காவ வேணாம். துர்கா அங்க போவக்கூடாதுன்னு எழுதுங்க.”

துர்கா பிளஸ் டூவில் கணக்கில் தவறி, ஒரு மாதமாக வீட்டில் இருந்தாள். அவளை ஷெட்டுக்குக் கூட்டிப்போவது என்று பூங்கோதை முடிவு செய்திருந்தாள்.

“யாரு மேலங்க எழுதறது?” என்றாள் பூங்கோதை. “மொதலாளியும் அதே ஷெட்டுலதான் ஒக்காந்துருக்காரு. அவரும்தான் இருமுறாரு. நீங்க வூட்ல ஒக்காந்துட்டீங்க. நானும் புள்ளயும் போவலன்னா அடுப்பு எரியுமா? சோறு போடற எடத்து மேல பிராது கட்டுனா சாமி நம்மளத்தான் கேக்கும்.”

நந்தகுமார் பதில் சொல்ல வாயைத் திறந்தான், இருமல் வந்துவிட்டது. இருமி முடிப்பதற்குள் அவள் ராஜினாமாவை எடுத்துக்கொண்டு சன்னதிக்குள் போய்விட்டாள். தாள் என் கையில் வெறுமையாக இருந்தது. எழுதியிருப்பேன், பேர் போட வேண்டிய இடத்தில் யார் பேரைப் போடுவது என்று எனக்கும் தெரியவில்லை. அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சல்.

திங்கட்கிழமை துர்கா வேலைக்குப் போனாள். சாயங்காலம் ஒரு பார்சல் ரசீது கொடுக்க நான் அந்தத் தெருவுக்குப் போனபோது நந்தகுமார் வாசலில் ஒரு பக்கெட் தண்ணீர், சோப்பு, மாற்றுத் துணி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். அம்மாவும் மகளும் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். துர்காவின் இமைகள் வெளுத்திருந்தன. அவன் கையை நீட்டி மகளைப் படியிலேயே நிறுத்தினான். தலையோடு ஊற்றிக்கொண்டு, துணியை இங்கேயே மாற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னான். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று துர்காவுக்கு வெட்கம்.

“என்னாப்பா நீ,” என்று சிரித்தாள். “இது என்னா அணுவா? மண்ணுதானே.”

அவனைச் சுற்றிக்கொண்டு அவள் உள்ளே போனாள், பின்னாலேயே பூங்கோதையும் போனாள். நந்தகுமார் பக்கெட்டைத் தூக்கப் பார்த்தான். மூச்சு போதவில்லை. நான் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தேன்.