முதலாளி பெயர் போட்ட சாலட்

சீசர் சாலட்டுக்கு அந்தப் பெயர் வந்தது ஏதோ ராஜாவால் அல்ல, அதைப் பரிமாறிய ஹோட்டல்காரரால் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வதில் முதலாளிக்கு அலாதி சந்தோஷம். "அதே மாதிரிதாங்க, இது என் பேர்ல இருக்கு" என்று மெனு அட்டையைத் தட்டிக் காட்டுவார். சமையலறையில் லெட்டூஸ் இலை அலசிக்கொண்டிருக்கும், எல்லாரும் இலையக்கா என்றே கூப்பிடும் சமையல்காரியின் காதிலும் அது விழும்.

இருபது வருஷத்துக்கு முன்னால், கறி வண்டி வராத ஒரு மதியம், மிச்சமிருந்த லெட்டூஸ், காய்ந்த ரொட்டி, சீஸ், முட்டை, எலுமிச்சையை வைத்து அவள் ஒப்பேற்றியதுதான் அந்த சாலட். முதலாளி அன்று பல் பிடுங்கப் போயிருந்தார்.

"ஒரு தடவையாவது உன் பேரைச் சொல்லச் சொல்லேம்மா" என்று மகள் அரித்தெடுப்பாள். "பேரு சோறு போடுமாடி" என்று வாயை அடைத்துவிடுவாள். ஆனால் ஆசை இருந்தது. ஒளிப்பானேன், நிறையவே இருந்தது.

சாலட்டைக் கலப்பது ஒரு பெரிய மரக்கிண்ணத்தில். பூண்டைத் தேய்த்து, ஒரே நிமிஷம் வெந்நீரில் கிடந்த முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும். கிண்ணத்தைக் கழுவக் கூடாது, துணியால் துடைத்தால் போதும் என்பது முதலாளியின் சட்டம். ஒருமுறை சோப்புப் போட்டதற்கு, "ருசியையே கழுவி ஊத்திட்டியே" என்று எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். பிறகு அடியில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டபோது, "புதுசு வாங்கிடலாங்க, உள்ள அழுக்கு நிக்குது" என்றாள்.

"உன் வேலையப் பாரு" என்றார்.

அவளும் பார்த்தாள். அவள் செய்த தப்பு அதுதான்.

புதன்கிழமைதோறும் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து அந்த சாலட்டைச் சாப்பிடும் ரிட்டயர்டு டீச்சர், வாந்தி பேதியென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்து, சனிக்கிழமை செத்துப்போனார். அதே சாலட்டைச் சாப்பிட்ட இன்னும் எட்டுப் பேர் படுக்கையில் கிடந்தார்கள்.

சுகாதார அதிகாரி கிண்ணத்தைப் பையில் போட்டு முத்திரை வைத்தார். "இந்த சாலட்ட யார் செய்றது?"

"இந்தம்மா கண்டுபிடிச்சதுங்க. இருபது வருஷமா இவங்க கைதான். எனக்குச் சமையலே தெரியாது" என்ற முதலாளி, இலையக்காவின் முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார். அவருக்கு அது தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"உண்மையாம்மா?"

விரிசலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். டீச்சர் தட்டில் ஓர் இலையைக்கூட மிச்சம் வைக்கமாட்டார் என்பதுதான் அவள் நினைவில் நின்றது.

"ஆமாங்க. நான் பண்ணதுதான்."

அதிகாரி எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்.

வாசலில் காத்திருந்த மகள் ஓடிவந்தாள். "என்னம்மா கேட்டாங்க?"

"பேரு கேட்டாங்கடி" என்றாள் இலையக்கா.