மட்டக்குளிக்கு வந்த குளிர்

இது நடந்தது. நம்புங்கள் என்று யாருடைய கையையும் பிடித்துக் கெஞ்சப்போவதில்லை. ஒஸ்வால்ட் பொய் சொல்லத் தெரியாத மனிதர். வராத காய்ச்சலை வந்ததாகச் சொல்லி ஒரு நாள் லீவு போடக்கூடத் தெரியாமல் கொழும்பு ஹாபரில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர். அன்றைக்கு அவரோடு நின்ற பௌஸி வேறு மாதிரி. த்ரீவீல் ஓட்டுகிற நேரமெல்லாம் வாய் ஓயாமல் அளப்பார். ஆனால் மட்டக்குளி ஆற்றங்கரையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உடனே பேச்சை மாற்றிவிடுவார்.

ஒஸ்வால்டுக்கும் நேசத்துக்கும் ஒரே பிள்ளை றொஹான். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன், நோர்வேக்குப் போய், ரொஷேலைக் கட்டி, அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். போன இடத்தில் அவனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. ஃப்ளை ஃபிஷிங். புழுவும் இல்லை, இறாலும் இல்லை. தூண்டில் முள்ளில் இறகையும் மயிரையும் நூலால் சுற்றி ஒரு பொய் ஈ செய்து, அதைத் தண்ணீரில் பறக்கவிட்டு மீனை ஏமாற்றுகிற வேலை.

அவன் வீட்டுக்குக் கிட்ட ஒரு ஆறு. அதன் பெயரை ஒஸ்வால்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியாது. உருண்டைக் கல்லும் வேகமுமாக ஓடுகிற பொல்லாத ஆறு. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவு என்பதால் மனிதனின் நிழல் விழுந்தாலே மீன் ஓடிவிடும். அங்கே ஒரு சிறு நீர்வீழ்ச்சிக்குக் கீழே, பெரிய பாறையின் அடியில், ஒரு கிழட்டு பிரவுன் ட்ரவுட் மீன் இருந்தது. மூன்று கோடையாக றொஹான் அதன் பின்னால் அலைந்தான். சின்னச் சின்ன ட்ரவுட் நிறையப் பிடித்தான். பிடித்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப ஆற்றிலேயே விட்டான்.

"விடுறதுக்கு எதுக்குடா புடிக்கிற?"

"விடுறதுதான் டடி விளையாட்டு."

சட்டிக்கு வராத மீன் என்ன மீன் என்று ஒஸ்வால்டுக்கு விளங்கவேயில்லை.

கடைசியாக வந்தபோது அப்பாவுக்கும் ஒரு தூண்டில் தடி கொண்டுவந்தான். மொட்டை மாடியில் வைத்து வீசப் பழக்கினான். பின்னால் நின்று அவருடைய வலது முழங்கையைப் பிடித்துக்கொள்வான். "மணிக்கட்ட மடக்காதீங்க டடி. முழங்கை அசையக் கூடாது." ஒஸ்வால்ட் முதலில் பிடித்தது பக்கத்து வீட்டு ஜெயராணி காயப்போட்டிருந்த சாரியை. ஜெயராணி போட்ட சத்தம் ஹாபர் வரைக்கும் கேட்டிருக்கும். மீன் கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தான். "அவசரப்பட்டு இழுக்காதீங்க. ஓட விடுங்க. விடுங்க டடி, விடுங்க..."

நோர்வேக்குப் போன பிறகும் வாட்ஸ்அப்பில் பாடம் தொடர்ந்தது. ஒரு நாள் கேட்டான். "டடி, மம்மியின்ட நரைமயிர் கொஞ்சம் அனுப்புங்களேன். ஃப்ளை கட்டினா தண்ணில நல்லா மினுங்கும்."

"என்ட மயிர வச்சு மீன் புடிக்கப் போறானாம் துரை!" என்று நேசம் போனுக்குள் கை ஓங்கினாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

அது ஓகஸ்ட் தொடக்கம். அந்த மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை றொஹான் தனியாக அந்தப் பாறைக்குப் போனான். கரையில் அவனுடைய பை இருந்தது. பிளாஸ்கில் தேத்தண்ணி சூடு ஆறாமல் இருந்தது. அவன் இல்லை.

சுழியோடிகள் மூன்று கிழமை தேடினார்கள். பாறையின் அடிக்குள் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு போகிறது, உள்ளே இறங்க முடியாது, பனிக்காலம் முடியட்டும் பார்க்கலாம் என்று பொலிஸ் கைவிரித்தது.

நேசம் அழவில்லை. அதுதான் ஒஸ்வால்டைப் பயமுறுத்தியது. இரவும் பகலும் போனைச் சார்ஜில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு இறங்கவில்லை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. ஃபாதர் வந்து இரங்கல் பூசை வைப்போமா என்று கேட்டார். "உடம்பக் காட்டுங்க ஃபாதர். அதுக்குப் பிறகு என்ட பிள்ளைக்குப் பூசை வைங்க," என்றாள். ஒரு பெட்டி, ஒரு குழி, ஒரு பிடி மண். அது கிடைக்காவிட்டால் நேசமும் போய்விடுவாள் என்று ஒஸ்வால்டுக்குத் தெரிந்தது. கடவுளிடம் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் இரண்டு. சகல ஆத்துமாக்கள் திருநாள். கொட்டாஞ்சேனைச் சனம் முழுவதும் மெழுகுதிரியும் பூவுமாக மாதம்பிட்டி மயானத்துக்குப் போகிற நாள்.

"வெளிக்கிடன் நேசம், போவம்."

"அங்க போய் யாருக்குக் கொளுத்த?"

ஒஸ்வால்ட் எழும்பி உள்ளே போனார். கண்ணாடி மேசையில் நேசத்தின் சீப்பு கிடந்தது. அதில் நரைமயிர் சிக்கியிருந்தது.

ஏன் செய்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பிள்ளை கேட்டான், கொடுக்கவில்லை. அவ்வளவுதான். அந்த மயிரை எடுத்து முள்ளில் வைத்தார். சேவலின் கழுத்து இறகு ஒன்று. நேசத்தின் தையல் பெட்டியிலிருந்து நீல நூல். கடைசி முடிச்சு அவிழாமலிருக்க ஒரு சொட்டு வார்னிஷ் வைக்க வேண்டும். நகப்பூச்சும் போதும் என்று றொஹான் சொல்லியிருந்தான். அவனுடைய கலியாணத்துக்கு நேசம் பூசிய சிவப்பு நகப்பூச்சில் மிச்சம் இருந்தது. அதில் ஒரு சொட்டு வைத்தார். யாருக்கும் காட்டவில்லை. படம் எடுக்கவுமில்லை. பின்னேரம் பௌஸியின் த்ரீவீலில் ஏறி மட்டக்குளிக்குப் போனார்.

களனி கங்கை கடலைத் தொடுகிற இடம். மத்தியானம் பெய்த மழையில் ஆறு தேத்தண்ணி நிறத்தில் கலங்கி ஓடியது. ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து போனது. தள்ளி ஒரு கல்லில் குந்திக்கொண்டு பௌஸி கையில் தங்கூசி நூலோடு திலாப்பியாவுக்குக் காத்திருந்தார். ஒஸ்வால்ட் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றார். சேறு. வழக்கமான வெதுவெதுப்பு.

ஒரு வீச்சு. இரண்டு வீச்சு. பொய் ஈ மிதந்து மிதந்து வந்தது. ஒன்றுமில்லை.

மூன்றாவது வீச்சில் காலில் குளிர் ஏறியது. ஏதோ ஊற்று என்று நினைத்தார். ஆனால் குளிர் குறையவில்லை. பாதம் மரத்துப்போனது. குனிந்து பார்த்தார்.

தண்ணீர் தெளிந்திருந்தது.

அவரைச் சுற்றி மட்டும். பத்தடி தள்ளி அதே கலங்கல். இங்கே தன் கால் விரல்களை எண்ண முடிந்தது. விரல்களுக்குக் கீழே சேறு இல்லை. கல். உருண்டை உருண்டையான கல். மட்டக்குளியில் அப்படிக் கல் கிடையாது.

"பௌஸி... இங்க கொஞ்சம் வாங்க."

சொல்லும்போது அவர் வாயிலிருந்து புகை வந்தது. குளிரூரில் வருமே, அந்தப் புகை. நுவரெலியாவில் ஒரு முறை முகர்ந்த பைன் மரத்தின் வாசமும் எங்கிருந்தோ வந்தது.

அந்த நேரம் மீன் கடித்தது.

சின்ன மீன்தான். நூலைத் தளர்த்தி, ஓட விட்டு, மெல்லக் கொண்டுவந்தார். காய்ந்த கையால் மீனைத் தொட்டால் அதற்கு வலிக்கும், கையை நனைத்துக்கொள்ள வேண்டும் என்பான் றொஹான். நனைத்தார். தண்ணீர் ஐஸாகக் கடித்தது. உள்ளங்கையில் மீன் கிடந்தது. மண்ணிற முதுகு. மஞ்சள் வயிறு. பக்கமெல்லாம் சிவப்புப் பொட்டு, ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் வெள்ளை வளையம்.

பௌஸி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மீன் இது? நான் பொறந்ததுல இருந்து இந்தக் கங்கையில இப்பிடி ஒண்டு கண்டதில்ல."

ஒஸ்வால்ட் கண்டிருக்கிறார். போனில். எத்தனையோ படத்தில்.

முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டார்.

"ஒய்! விட்டீங்களா?" என்று பௌஸி தண்ணீரில் ஒரு காலை வைத்தார். உடனே இழுத்துக்கொண்டார். "யா அல்லாஹ்... தண்ணி ஐஸ் மாதிரி ஈக்கி. ஏறுங்க ஒஸ்வால்ட். இது சரியில்ல. ஏறுங்க."

ஒஸ்வால்ட் ஏறவில்லை. திரும்ப வீசினார்.

சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பாலத்து பஸ் சத்தம். படகு எஞ்சின். காகம். எல்லாம் அடங்கி ஒரே ஒரு சத்தம் மிஞ்சியது. தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிற சத்தம்... மட்டக்குளியில் ஏது நீர்வீழ்ச்சி?

பொய் ஈ தண்ணீரைத் தொட்டது. மூழ்கியது.

நூல் இறுகியது.

இது துடிக்கவில்லை. உதறவில்லை. வெறும் பாரம். ஆழத்தில், எதன் அடியிலோ, சிக்கிக் கிடக்கிற பாரம்.

கிர்ர்ர்... ரீல் சுற்றியது. நூல் போய்க்கொண்டே இருந்தது.

விட வேண்டும். ஓட விட வேண்டும். அப்படித்தான் பிள்ளை சொல்லித் தந்தான். ஒஸ்வால்ட் விரலைத் தளர்த்தினார்.

வலது முழங்கையை ஒரு கை பிடித்தது.

பின்னாலிருந்து.

ஈரக் கை.

பௌஸி கரையில் நின்றார். பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரிய. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு.

திரும்பிப் பார்த்தால் அந்தக் கை போய்விடும் என்று ஒஸ்வால்டுக்குத் தோன்றியது. திரும்பவில்லை.

காதுக்குக் கிட்ட... மிகக் கிட்ட...

"விடாதீங்க டடி."

ஒஸ்வால்ட் இழுத்தார். பற்களைக் கடித்துக்கொண்டு, அழுதுகொண்டு இழுத்தார். ஆழத்தில் ஏதோ கல்லில் உராய்ந்தது. அசைந்தது. கழன்றது.

வந்தது... கொஞ்சம் கொஞ்சமாக வந்தது...

தெளிந்த தண்ணீருக்குள் நீலமாக ஒன்று தெரிந்தது. ஒரு ஜாக்கெட்டின் கை.

டக்.

நூல் அறுந்தது.

அதே நொடியில் பள்ளிவாசலிலிருந்து மஃரிப் பாங்கு ஒலித்தது. ஐந்து ஐம்பது. பஸ் சத்தம் வந்தது. காகம் கத்தியது. தண்ணீர் கலங்கி, வெதுவெதுப்பாக, சேறாக இருந்தது. ஒஸ்வால்ட் தடியை எறிந்துவிட்டு நெஞ்சளவு தண்ணீருக்குள் பாய்ந்து இரண்டு கையாலும் துழாவினார். றொஹான், றொஹான் என்று கூப்பிட்டார். பௌஸிதான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"கையில வந்தவன விட்டுட்டேன் பௌஸி... விட்டுட்டேன்..."

வீடு வரும் வழியெல்லாம் அதையே சொல்லி அழுதார். மகனை இரண்டாம் முறையும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டதாகவே அவர் நினைத்தார். அந்த வேதனையை எழுத எனக்குத் தெரியாது.

நேசம் கதவைத் திறந்தாள். நனைந்த சேர்ட்டைக் கழற்றப் போனவள் வலது முழங்கையைத் தொட்டதும் நின்றுவிட்டாள்.

"இந்த இடம் மட்டும் ஏன் இப்பிடிக் குளிருது?"

அவர் சேர்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். அவள் அந்தச் சேர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போன் மேசையில் கிடந்தது. ஓகஸ்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் போனைக் கீழே வைத்தாள்.

இரவு பத்தரைக்கு அது அடித்தது. ரொஷேல்.

"மாமா... கிடைச்சிட்டார். றொஹான் கிடைச்சிட்டார்."

நாயோடு நடக்கப் போன ஒரு பெண் கண்டிருக்கிறாள். பாறைக்குக் கீழே, கல்லுக் கரையில், தண்ணீருக்கு வெளியே. நோர்வே நேரம் மத்தியானம் ஒன்று இருபதுக்கு. அதற்குக் கொஞ்சம் முன்னால் அதே வழியாகப் போனபோது கரை வெறுமையாக இருந்ததாம். மழை இல்லை. ஆறு ஏறவில்லை. எப்படி வெளியே வந்தது என்று பொலிஸுக்கு விளங்கவில்லை. கல்லில் இழுத்த தடம் மட்டும் இருந்ததாம்.

ஒன்று இருபது என்றால் கொழும்பில் ஐந்து ஐம்பது.

இரண்டு கிழமையில் ரொஷேலோடு பெட்டி வந்தது. மூடிய பெட்டி. நேசம் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். மாதம்பிட்டியில் ஒரு பிடி மண் போட்டாள். வீட்டுக்கு வந்து ரொஷேல் கையால் இரண்டு வாய் கஞ்சி குடித்தாள்.

பிறகு ரொஷேல் தன் பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையை எடுத்தாள்.

"பொலிஸ் தந்தது மாமி. அவரின்ட வலது கைக்குள்ள இருந்ததாம். குத்தியிருக்கேல்ல, பொத்திப் புடிச்சிருந்தாராம். விரல விரிக்க ரெண்டு பேர் வேண்டியிருந்ததாம். அவரின்ட பெட்டியில இப்பிடி ஒண்டு நான் கண்டதேயில்ல."

ஒஸ்வால்ட் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

உறைக்குள் ஒரு பொய் ஈ. அறுந்த நூல் ஒரு சாண் அளவு அதில் தொங்கியது. சேவல் இறகு. நீல நூல். தலையில் ஒரு சொட்டுச் சிவப்பு. இரண்டு மாதம் தண்ணீரில் கிடந்த கைக்குள் இருந்தது. முள்ளில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

நேசம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். தன் தலையைத் தடவிக்கொண்டாள்.

"என்ட மயிர்," என்றாள்.

அப்போதுதான் ஒஸ்வால்ட் எல்லாவற்றையும் சொன்னார். குளிர், மீன், முழங்கை, குரல், நூல் அறுந்தது... "கரைக்குக் கொண்டுவர முந்தி விட்டுட்டேன் நேசம்," என்று அவள் காலடியில் உட்கார்ந்து விம்மினார்.

நேசம் அந்த உறையைத் தன் கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க விட்டா என்ன," என்றாள். "அவன் விடல்ல."